நொய்யும் வலையும்

அக்கா,

இன்று காலை பனி விலகுவதற்கு முன்பே வயலுக்குப் போய்விட்டேன். முந்தானையால் கண்ணாடியைத் துடைத்து மூக்கில் ஏற்றிக்கொண்டேன். நீ வாங்கித் தந்த கண்ணாடிதான். இடது பக்கத்துக் கம்பி போன வருடமே உடைந்துவிட்டது, கறுப்பு நூல் சுற்றி வைத்திருக்கிறேன். மூன்றாவது வரிசையில் ஒரு கோசு இலையைத் திருப்பினேன். அடிப்பக்கம், நரம்பை ஒட்டி, வெள்ளையாக ஒரு நொய். பக்கத்திலேயே இன்னொன்று. இந்தப் பருவத்தில் கண்ணில் பட்ட முதல் நொய் இவைதான். சுற்றிலும் யாரும் இல்லை என்று தெரிந்தும் "வந்துட்டியா" என்று வாய்விட்டுக் கேட்டுவிட்டேன். பூச்சியைக் கேட்டேனா, உன்னைக் கேட்டேனா என்று எனக்கே தெரியவில்லை. வயல் வேலையெல்லாம் முடிந்து, வீட்டுக்கு வந்து சாப்பிட்டதும் இதை எழுத உட்கார்ந்துவிட்டேன்.

ஓரகத்திகள் என்றால் ஊர் ஒரு சண்டையை எதிர்பார்க்கும். நாம் ஊரை ஏமாற்றியதில்லை. அண்ணனுக்கு நீ, தம்பிக்கு நான் என்று ஒரே வாசலில் கோலம் போட வந்தவர்கள். எனக்கு முன்னால் வந்தவள் என்பதற்காக உன்னை அக்கா என்றேனே தவிர, வயதில் நமக்குள் சில மாதம்தான் வித்தியாசம். கீழ்பென்னாத்தூர் நிலத்தைப் பாகம் பிரித்தபோது கிணறு பொதுவானது, நடுவில் ஒரு வரப்பு, ஆளுக்கு ஒரு துண்டு. மோட்டார் போடுகிற முறைக்குச் சண்டை, வரப்பை யார் வெட்டியது என்று சண்டை, என் ஆடு உன் அகத்தியைக் கடித்ததற்குச் சண்டை. காலையில் சண்டை என்றால் மாலையில் குழம்புக் கிண்ணம் கைமாறும். உன் வீட்டுக்காரர் இறந்த பிறகு அதெல்லாம் கொஞ்சம் கம்மியானது. நீ தனியாக நின்று வயலைப் பார்ப்பதைப் பார்த்துக்கொண்டு என்னால் முன்போலக் குரலை உயர்த்த முடியவில்லை.

கண்ணாடி விஷயத்தில் மட்டும் நான் இரக்கம் காட்டவில்லை. நாற்பதைத் தாண்டியதும் உனக்கு வெள்ளெழுத்து வந்தது. திருவண்ணாமலைத் தேரடித் தெருவில் தள்ளுவண்டியில் விற்கிற கண்ணாடி ஒன்றை வாங்கி மாட்டிக்கொண்டு, கோசு வயலில் குனிந்து ஒவ்வொரு இலையாகப் புரட்டிக்கொண்டிருந்தாய். களை எடுக்க வந்த பெண்களிடம், "டீச்சரம்மா வந்துட்டாங்க, எல்லாரும் எழுந்து நில்லுங்க" என்று ஆரம்பித்து வைத்தது நான். அதற்குப் பிறகு அந்தப் பெயர் உன்னை விடவே இல்லை. நீ கோபப்படவில்லை. "உனக்கும் வரும்டி" என்று மட்டும் சொன்னாய்.

எனக்கும் அப்போதே வந்திருந்தது, அக்கா. ஊசியில் நூல் கோக்க வெளிச்சம் தேடி வாசலுக்கு ஓடுவேன். மாத்திரை அட்டையைக் கை எட்டுகிற தூரத்துக்கு நீட்டிப் பிடித்துப் படிப்பேன். யாராவது கேட்டால், கண் நன்றாகத்தான் இருக்கிறது, கைதான் குட்டை என்பேன். கண்ணாடி போட்டால் கிழவி ஆகிவிடுவேன் என்று ஒரு பயம். இவ்வளவு சின்ன பயம் ஒரு வயலையே கவிழ்க்கப் பார்க்கும் என்று யார் கண்டது?

வயல் கவிழப் பார்த்த அந்த வருடத்துக்கு முந்தின இரண்டு வருடமும் கோசு நம்மைப் படுத்திய பாடு உனக்கு மறந்திருக்காது. விரல் நகத்தின் நீளம்கூட இல்லாத பச்சைப் புழு. தொட்டால் துள்ளும், நூல் விட்டுத் தொங்கும், காற்றில் ஆடி அடுத்த இலைக்குப் போய்விடும். இலையைச் சுரண்டித் தின்று மெல்லிய தோலை மட்டும் விட்டு வைக்கும். குருத்துக்குள் புகுந்துவிட்டால் கோசு திரளவே திரளாது. அதன் தாய்ப்பூச்சி சாம்பல் நிறம். இறக்கையை மடக்கி உட்கார்ந்தால் முதுகில் வைரம் பதித்தது போலத் தெரியும். "நம்ம மூக்குல இல்லாத வைரம் அது முதுகுல இருக்குது பாரு" என்று சொல்லிவிட்டு நீயே சிரித்தாய்.

நான் பூச்சிமருந்துக் கடைக்காரர் சொன்னபடியே நடந்தேன். வாரத்துக்கு ஒரு முறை அடித்தேன். கேட்கவில்லை என்றதும் இரண்டு மருந்தைக் கலந்து அடித்தேன். புழு அசரவில்லை. நம் மருந்து அதற்குக் காலை டீ மாதிரி ஆகிவிட்டது என்றாய் நீ. என் மருந்துப் புகை வரப்பைத் தாண்டி உன் பயிர் மேல் விழுந்த அன்று நீ வந்து சத்தம் போடுவாய் என்று இடுப்பில் சேலையைச் சொருகிக்கொண்டு காத்திருந்தேன். நீயோ வரப்பில் நின்று, "காத்து எந்தப் பக்கம் அடிக்குதுனு பாத்துட்டு அடிடி" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாய். சண்டைக்குத் தயாராக இருப்பவளுக்கு அதைவிடப் பெரிய ஏமாற்றம் கிடையாது.

அந்த வருடம் கார்த்திகைத் தொடக்கத்தில் இரண்டு பேரும் கோசு நட்டோம். தீபத்துக்கு மலை மேல் கொப்பரை போன வாரத்தில்தான் அந்தச் சமையல் மாஸ்டர் வந்தார். பௌர்ணமிதோறும் கிரிவலம் வருகிறவர்களுக்குச் சோறு போடுகிற அன்னதானக் குழுவில் அவர்தான் எல்லாம். தைப் பௌர்ணமிக்குக் கோசு வேண்டும், இங்கே நன்றாக வந்தால் பருவம் முழுவதும் நம் இரண்டு வயலிலிருந்துமே எடுத்துக்கொள்வதாகச் சொன்னார். என் வயலில் ஒரு இலையைக் கிள்ளி முகர்ந்து பார்த்தார், முகம் சுளித்தார். மருந்து வாசனையும் வரக்கூடாது, கூட்டில் புழுவும் மிதக்கக்கூடாது, பக்தர்கள் இலையில் விழுந்துவிட்டால் அவர் மானம் போய்விடும் என்றார். "அப்ப கோசுனு ஒரு பொம்மை செஞ்சிதான் தரணும்ங்க" என்று நீ சொன்னதும் அவருக்கே சிரிப்பு வந்துவிட்டது.

அவர் போன பிறகு கிணற்று மேட்டில் உட்கார்ந்து நீ சொன்னதைக் கேட்டுத்தான் எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. உன் மகள் வேங்கிக்காலில் புது வீட்டில் இருந்தாள், நிறைமாதம். நிலத்தைக் குத்தகைக்கு விட்டுவிட்டுத் தன்னோடு வந்துவிடும்படி தினமும் போனில் கேட்டுக்கொண்டிருந்தாள். "இந்த கோசு தேறுச்சுனா இங்கயே இருக்கேன். தேறலனா போயிடறேன்டி. தனியா எவ்ளோ நாள்தான் புழுவோட மல்லு கட்றது" என்றாய். நான் வாய்க்கால் தண்ணீரில் காலை விட்டு அளைந்துகொண்டிருந்தேன். நீ போய்விட்டால் நான் யாரோடு சண்டை போடுவது? அன்றுதான் அது என் மண்டையில் உறைத்தது.

நீ மட்டும் அந்தப் பருவத்தில் வேறு வழியில் போய்க்கொண்டிருந்தாய். வேளாண்மை ஆபீசில் நடந்த பயிற்சிக்கு இரண்டு நாள் போய் வந்திருந்தாய். கோசு வரிசைகளுக்கு நடுவே கடுகு விதைத்தாய். தாய்ப்பூச்சிக்குக் கடுகு என்றால் உயிர், முட்டையை அங்கே போய் வைக்கும், நாம் கடுகை மட்டும் கவனித்தால் போதும் என்றாய். சமையலுக்கு வாங்கிய கடுகை வயலில் கொட்டுகிற முதல் மருமகள் நீதான் என்று நான் சொன்னேன். வேப்பங்கொட்டையை இடித்து ஊற வைத்து, வடிகட்டி, சோப்பு கரைத்து அடித்தாய். கோசு இலை எண்ணெய் தடவியது போல இருக்கும், சோப்பு இல்லாவிட்டால் நிற்காது. உன் வீட்டு வாசல் முழுக்க வேப்பங்கசப்பு. கடைக்காரர் தருகிற விஷ மருந்தை மட்டும் நிறுத்திவிட்டாய்.

காரணத்தையும் காட்டினாய். ஒரு இலையைத் திருப்பி, வெள்ளையாக ஒன்றைத் தொட்டு, இது என்ன தெரியுமா என்றாய். புழுவின் முட்டை என்றேன். இல்லையாம். ஒரு குளவி இருக்கிறதாம், எறும்பைவிடச் சின்னது. அது புழுவின் உடம்புக்குள் முட்டை வைத்துவிடும். குஞ்சு உள்ளேயே இருந்து புழுவைத் தின்று வளர்ந்து, வெளியே வந்து வெள்ளைக் கூடு கட்டிக்கொள்ளும். அதற்குப் பிறகு அந்தப் புழு அவ்வளவுதான். குடி வந்த வீட்டையே தின்கிற ஜாதியா என்றேன். "அந்த ஜாதிதான்டி நமக்கு வேணும்" என்றாய். ஆபீசில் சொன்ன பெயர் நீளமாக இருந்ததால் அதை பஸ்ஸிலேயே விட்டுவிட்டு வந்துவிட்டாய். பார்க்க உடைந்த அரிசி மாதிரி இருந்ததால் நொய் என்று நீயே பெயர் வைத்தாய். புழுவும் கூடு கட்டும், ஆனால் அது வலைபோல இருக்கும், உள்ளே பச்சையாகத் தெரியும். அது வலை, இது நொய். நான் தலையை ஆட்டினேன். உண்மையில் எனக்கு இரண்டும் ஒன்றாகத்தான் தெரிந்தன. வெள்ளையாக ஏதோ ஒன்று, கலங்கலாக.

மார்கழி பிறந்து சில நாளில் உன் மகளுக்கு வலி எடுத்துவிட்டது. பையில் இரண்டு சேலையைத் திணித்துக்கொண்டு ஓடினாய். ஆட்டோ வந்து நின்ற பிறகும் ஒரு காலை வெளியே வைத்துக்கொண்டு என்னிடம் சொன்னாய்: "அஞ்சு நாள்ல வந்துடறேன். தெனம் ஒரு சுத்து பாத்துடுடி. நொய்யை வுட்டுடு, வலையை நசுக்கு." அதையே ஆட்டோ நகர்ந்த பிறகும் ஒரு முறை கத்திச் சொன்னாய்.

உனக்கு ஒரு நல்லது செய்ய வேண்டும் என்று நான் இரண்டு காலைப்பொழுது உன் வயலில் குனிந்தேன். சத்தியமாகச் சொல்கிறேன், என் வயலில்கூட நான் அப்படி உழைத்ததில்லை. இலையைத் திருப்பு, வெள்ளையாக இருந்தால் கட்டை விரலால் நசுக்கு. எது வலை எது நொய் என்று உற்றுப் பார்த்தேன். கையை நீட்டி, தலையைப் பின்னால் இழுத்துப் பார்த்தேன். வெயில் ஏறியதும் கண்ணில் நீர் வந்தது. சரி, இத்தனையும் நொய்யாக இருக்குமா, பெரும்பாலும் வலையாகத்தான் இருக்கும் என்று நானே தீர்ப்பு சொல்லிக்கொண்டு எல்லாவற்றையும் நசுக்கினேன். கடைசி வரிசையில் நிமிர்ந்தபோது இடுப்பு ஒடிந்தது, மனசு நிறைந்திருந்தது. நீ வந்து பார்த்து மெச்சிக்கொள்வாய் என்று நினைத்தேன்.

நீ பேரன் பிறந்த சந்தோஷத்தோடு வந்தாய். கையில் கற்கண்டுப் பொட்டலம். பையைக்கூட வீட்டில் வைக்காமல் வயலில் இறங்கினாய், பின்னாலேயே நானும். ஒரு இலையைத் திருப்பினாய், அடுத்ததைத் திருப்பினாய், அடுத்த வரிசைக்குப் போனாய். என் வாயில் பெருமை தயாராக இருந்தது. அப்போது நீ நிமிர்ந்து பார்த்தாய்.

"நொய் ஒண்ணுகூட காணோமேடி."

உன் முகத்தைப் பார்த்ததும் நான் என்ன செய்திருக்கிறேன் என்று எனக்குப் புரிந்துவிட்டது. உண்மையைச் சொல்ல ஒரு நொடி போதும். அந்த நொடியில் என் நாக்கில் வேறு ஒன்று வந்தது.

"மைனா கொத்திட்டு இருக்கும்க்கா. ரெண்டு நாளா ஜாஸ்தியா சுத்திக்கினு இருந்துச்சு."

"மைனாவா" என்றாய். கண்ணாடிக்கு மேலாக என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தாய். பிறகு கற்கண்டை என் கையில் கொடுத்துவிட்டுக் குனிந்துகொண்டாய்.

அடுத்த பத்து நாளும் நான் நிம்மதியாக ஒரு வாய் சோறு சாப்பிடவில்லை. தடுக்க ஆள் இல்லாத வயலில் புழுக்கள் கல்யாணக் கூட்டம்போலப் பெருகின. உன் கோசுகள் உருண்டு வருகிற நேரம் அது. வெளி இலையெல்லாம் ஓட்டை. உன் கொழுந்தனார், என் வீட்டுக்காரர், வரப்பில் நின்று, "அண்ணி, பிடிவாதம் பிடிக்காதீங்க, நான் ஒரு தடவை மருந்து அடிச்சி வுட்டுடறேன்" என்று தினமும் சொன்னார். அவர் நல்ல எண்ணத்தில்தான் சொன்னார். நீ கேட்கவில்லை. பயிற்சியில் சொன்ன பாக்டீரியா மருந்தை வாங்கி வந்து, வெயிலில் அது செத்துவிடும் என்று சாயங்காலமாகப் பார்த்து அடித்தாய். மீதிப் புழுவைக் கையால் பொறுக்கி டப்பாவில் போட்டாய். போனில் மகளிடம், மாசியில் வந்துவிடுவேன் போலிருக்கிறது என்று நீ சொன்னது என் காதில் விழுந்தது. பாக்டீரியா மருந்து புழுவைக் குறைத்தது, ஆனால் புதுப்புழு வருவதை நிறுத்த ஆள் வேண்டும். அந்த ஆட்களைத்தான் நான் கட்டை விரலால் நசுக்கியிருந்தேன்.

ஒரு மத்தியானம் ஊசியில் நூல் கோக்க வேண்டும் என்று பொய் சொல்லி உன் கண்ணாடியை வாங்கிக்கொண்டேன். அதுவரை நான் சொன்ன பொய்களில் அது ஒன்றுதான் உருப்படியானது. வயலுக்குப் போய் அதை மாட்டினேன். இலை நரம்பு ஒவ்வொன்றும் பளிச்சென்று தெரிந்தது. என் கை ரேகையைப் பார்த்தே நான் பயந்துவிட்டேன். உன் வயலில் ஒரு வலையைக் கண்டுபிடித்தேன். நீ சொன்னபடியே வலைக்குள் பச்சை. நொய் எங்கும் இல்லை. என் வயலில் தேடினேன், அங்கேயும் இல்லை. இருக்காது, அத்தனை மருந்து அடித்திருக்கிறேன்.

என் வயலின் ஈசான்ய மூலை ஞாபகம் இருக்கிறதா? அங்கே தெளிப்பானின் குழாய் எட்டாது. ஒவ்வொரு முறையும் அந்த மூலையை அரைகுறையாக அடித்துவிட்டு, குழாய் வாங்கி வைக்காத உன் கொழுந்தனாரைத் திட்டுவேன். அங்கே போய் இலையைத் திருப்பினேன். நொய். அடுத்த இலையில் இரண்டு. உடைந்த பச்சரிசி மாதிரி, தொட்டால் ஒட்டிக்கொள்கிற மாதிரி அவ்வளவு வெள்ளை. அந்த இடத்திலேயே உட்கார்ந்து அழுதேன். கண்ணாடியில் நீர் இறங்கி மறுபடியும் எல்லாம் கலங்கலாகிவிட்டது.

ஓடி வந்து உன்னிடம், என் வயலில் வெள்ளையாக என்னவோ இருக்கிறது, வந்து பார் என்றேன். நீ பார்த்தாய். வீட்டுக்குப் போய் முறத்தை எடுத்து வந்தாய். நொய் இருக்கிற இலைகளைத் துண்டு துண்டாக அரிந்து முறத்தில் பரப்பி, மேலே ஈரத் துண்டைப் போட்டு மூடினோம். வேலிக்காத்தான் முள்ளால் உன் கோசுகளின் அடி இலையில், வெயில் படாத பக்கமாக, ஒவ்வொன்றாகக் குத்தி வைத்தோம். நீ இடத்தைக் காட்ட, நான் குத்த. பிறகு நான் காட்ட, நீ குத்த. இருந்தது ஒரு கண்ணாடி, அது நம் இரண்டு மூக்குக்கும் மாறி மாறிப் போனது. முறத்தில் இலையைச் சுமந்துகொண்டு வரப்பில் போகிற நம்மைப் பார்த்து உன் கொழுந்தனார், பொங்கலுக்கு அரிசி இப்போதே போகிறதா என்று கேட்டுச் சிரித்தார்.

அன்று மாலை அவரிடம் சொன்னேன், நம் வயலுக்கும் இனி மருந்து வேண்டாம் என்று. பக்கத்தில் அவ்வளவு புழுவை வைத்துக்கொண்டு நிறுத்தினால் நாமும் போய்விடுவோம் என்றார். போனால் சேர்ந்தே போகிறோம் என்றேன். அவர் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்துவிட்டுத் தெளிப்பானைக் கழுவிப் பரண்மேல் வைத்துவிட்டார்.

பொங்கலுக்கு முந்தின நாள் உன் கோசின் மேல் எறும்புக்கு இறக்கை முளைத்தது போல அந்தக் குளவி ஒன்று உட்கார்ந்திருப்பதைப் பார்த்தோம். அதை நீ எனக்குக் காட்டினாயா, நான் உனக்குக் காட்டினேனா என்று பிறகு பல நாள் வாக்குவாதம் நடந்தது. தை பாதியில் உன் இலைகளில் மறுபடியும் நொய் வந்தது, அங்கொன்றும் இங்கொன்றுமாக, பிறகு இலைக்கு இலை. வெளி இலை ஓட்டையாகத்தான் இருந்தது. ஆனால் குருத்து நின்றுவிட்டது, கோசு திரண்டது.

தைப் பௌர்ணமிக்கு மாஸ்டர் வந்தார். ஓட்டை இலையைப் பார்த்து முதலில் உதட்டைப் பிதுக்கினார். நீ அரிவாளை எடுத்து ஒரு கோசை வெட்டி, மேல் இலையை உரித்து, இரண்டாகப் பிளந்து அவர் கையில் கொடுத்தாய். அவர் முகர்ந்தார். ஒரு துண்டைப் பிய்த்து வாயில் போட்டு மென்றார். இன்னொரு துண்டையும் போட்டார். உன் வயலில் முக்கால்வாசி வண்டி ஏறியது. என் வயலில் பாதிதான் ஏறியது, மருந்து வாசனை இன்னும் போகவில்லை என்று சொல்லிவிட்டார். எனக்கு அது நியாயமாகவே பட்டது. வண்டி போன பிறகு நீ மகளுக்குப் போன் செய்து, "மாசியில வரலடி, இங்க வேலை கெடக்குது" என்று சொன்னாய். நான் மாட்டுக்குத் தண்ணீர் காட்டுகிற சாக்கில் அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

அடுத்த வெள்ளிக்கிழமை டவுனுக்குப் போய் வந்தாய். கோயில் விபூதி, புளி, பேரனுக்குக் கிலுகிலுப்பை என்று பையிலிருந்து ஒவ்வொன்றாக எடுத்து வைத்தாய். கடைசியாக ஒரு பொட்டலத்தை என் மடியில் போட்டாய். பிரித்தால் கண்ணாடி. உன்னுடையது போலவே, தேரடித் தெருத் தள்ளுவண்டிக் கண்ணாடி.

"இது யாருக்குக்கா?"

"மைனாவுக்கு வாங்கினேன்" என்றாய். அதே மூச்சில், இந்த வருடம் புளி நன்றாக இருக்கிறது, கொட்டை கம்மி என்று பேச ஆரம்பித்துவிட்டாய்.

எனக்குத் தலை நிமிரவில்லை. முதல் நாளே, வயலில் நின்ற அந்த நிமிடமே உனக்குத் தெரிந்திருக்கிறது. கொத்தின இலையில் பறவையின் மூக்குத் தடம் இருக்கும், நசுக்கின இலையில் கட்டை விரல் தடம் இருக்கும். கண்ணாடி போட்டவளுக்கு அது தெரியாதா? தெரிந்தும் அத்தனை நாள் புழுப் பொறுக்கினாய். ஊரைக் கூட்டியிருக்கலாம், கொழுந்தனாரிடம் சொல்லியிருக்கலாம். என் ஆடு அகத்தியைக் கடித்ததற்கு அத்தனை சத்தம் போட்டவள், இதற்கு ஒரு வார்த்தை பேசவில்லை. நான் அப்போதே சொல்லியிருக்க வேண்டும். புளியைப் பற்றித்தான் நானும் பேசினேன். கண்ணாடியை மட்டும் மறுநாளே போட்டுக்கொண்டு வயலுக்கு வந்தேன். களை எடுக்கிற பெண்கள், இன்னொரு டீச்சரம்மா என்றார்கள். நீ அவர்களை எழுந்து நிற்கச் சொன்னாய்.

அதற்குப் பிறகு மூன்று பருவம் நாம் சேர்ந்து கோசு வைத்தோம். நடு வரப்பின் மேலேயே கடுகு விதைத்தோம், யார் பங்குக் கடுகு என்று அதற்கும் ஒரு சண்டை போட்டோம். ஒவ்வொரு பருவமும் நினைப்பேன், இன்று சொல்லிவிடலாம் என்று. சொல்லி என்ன, அவளுக்குத்தான் தெரியுமே என்று தள்ளிப் போட்டேன். போன ஆடியில் காய்ச்சல் என்று படுத்தாய், நான்கே நாளில் போய்விட்டாய். ஆஸ்பத்திரியில் உன் கையைப் பிடித்துக்கொண்டு இருந்தபோதுகூட நாற்றங்கால் பற்றித்தான் பேசிக்கொண்டிருந்தேன். தெரிந்தவளிடம் சொல்வதற்கும் ஒரு அவசியம் இருக்கிறது என்று இப்போதுதான் தெரிகிறது. அதனால் எழுதியே வைக்கிறேன். அந்த மைனா நான்தான், அக்கா. என்னை மன்னித்ததை ஒரு கண்ணாடியாகப் பொட்டலம் கட்டிக் கொடுத்தாயே, அதற்கு நன்றி சொல்லவும் அன்று எனக்கு வாய் வரவில்லை.

உன் காரியம் முடிந்ததும் உன் மகள் என்னிடம் வந்து, "சித்தி, அம்மா நிலத்தை வேற யாருக்கும் வுட மனசு வரல, நீங்களே பாத்துக்கோங்க" என்றாள். உன் பேரன் வரப்பில் தடுக்கி விழுந்து, எழுந்து, போன பருவத்தில் சிந்தி முளைத்த கடுகின் பூவைப் பறித்துத் தின்றான். இரண்டு துண்டிலும் இப்போது கோசு நிற்கிறது, உருள ஆரம்பித்துவிட்டது. மாஸ்டர் போன வாரம் வந்து பார்த்தார். ஓட்டை இலையைப் பார்த்து இப்போதெல்லாம் அவர் உதட்டைப் பிதுக்குவதில்லை. அடுத்த ஊரிலிருந்து இரண்டு பெண்கள் வந்து இலையைத் திருப்பிப் பார்த்துவிட்டுப் போனார்கள். நொய்யை விடு, வலையை நசுக்கு என்ற உன் வாசகத்தை அவர்களுக்குச் சொல்லி அனுப்பினேன். அவர்கள் ஊரில் அது என்ன ஆகியிருக்கிறதோ தெரியாது.

காலையில் அந்த முதல் நொய்யைப் பார்த்தேன் என்றேன் அல்லவா? வீட்டுக்கு வரும் வழியில் உன் கொழுந்தனாரிடம் சொன்னேன், மூன்றாவது வரிசையில் நொய் வந்திருக்கிறது, ஒரு சுற்றுப் பார்த்துவிட்டு வாருங்கள், நொய்யை விட்டுவிடுங்கள், வலையை நசுக்குங்கள் என்று. அவருக்கும் இப்போது கை குட்டையாகிவிட்டது. பேப்பரை முழங்காலுக்கு அந்தப் பக்கம் வைத்துப் படிக்கிறார், கண்ணாடி என்றால் முறைக்கிறார். கஞ்சி கொண்டு போனபோது நான் அந்த இலையைத் திருப்பினேன். இரண்டு நொய்யும் இல்லை. இருந்த இடத்தில் ஒரு கட்டை விரல் தடம். நான் நிமிர்ந்து அவரைப் பார்த்தேன். அவர் கட்டை விரலை வேட்டியில் துடைத்துக்கொண்டு வானத்தைப் பார்த்தார்.

"ஓணான் தின்னுட்டு இருக்கும். காலையில பாத்தேன், கடுகு மேல உக்காந்துக்கினு இருந்துச்சு" என்றார்.

சிரித்தேன் அக்கா, கண்ணில் நீர் வருகிற மட்டும் சிரித்தேன். அவருக்கு ஒன்றும் புரியவில்லை. கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி மாட்டிக்கொண்டு மீதி வரிசைகளைப் பார்த்தேன். ஏழாவது வரிசையில் நான்கு நொய் இருந்தது. உன் பக்கத்து வயலில், முறத்தோடு நாம் முதன்முதல் முள் குத்திய இடத்தில், அதைவிட ஜாஸ்தி இருந்தது. அவரிடம் நான் ஒரு வார்த்தை சொல்லவில்லை. கஞ்சிக்கு ஊறுகாய் இன்னும் கொஞ்சம் வைத்தேன், அவ்வளவுதான்.

வெள்ளிக்கிழமை டவுனுக்குப் போகிறேன். புளி தீர்ந்துவிட்டது. அப்படியே தேரடித் தெருவில் இறங்கி, ஓணானுக்கு ஒரு கண்ணாடி வாங்கி வருகிறேன்.